சவுதிக்குப் போன ரோஸ் மருந்து

இனயம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் குளோரிக்கு ஒரு பெயர் உண்டு. ரோஸ் மருந்து மைனி, அதாவது அண்ணி. கடையில் நிற்கிற சஜிதா வைத்த பெயர். நேரில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் குளோரி கோபித்திருக்க மாட்டாள். வந்தால் அவள் வாங்குவது அதைத்தான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற, குழம்பு மாதிரிக் கெட்டியான அந்த ரோஸ் நிறத்து மருந்து, அதுவும் பெரிய பாட்டில். கூடவே சப்பித் தின்கிற மாத்திரை அட்டைகள், தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிற உப்புப் பொட்டலங்கள். ஒன்றும் அவளுக்கில்லை. அவளுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். எல்லாம் அவள் புருஷன் மரியஜானுக்கு. அவன் சவுதியில் மீன்பிடி லாஞ்சில் இருந்தான்.

குளோரி பிறந்தது பக்கத்து ஊரான ராமன்துறையில். ஐந்து பெண்களில் நடுப்பிள்ளை, யார் கண்ணிலும் அதிகம் படாமல் வளர்ந்தவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கருங்கல் பக்கம் ஒரு வலைக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். கம்பெனி வேன் காலையில் வந்து கடற்கரைப் பெண்களை அள்ளிக்கொண்டு போய், அந்தி சாய்கையில் கொண்டுவந்து இறக்கும். கல்யாணம் ஆன பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை. மகள் ஜெப்சி பிறந்தபோது மட்டும் கொஞ்ச காலம் வீட்டில் இருந்தாள்.

மரியஜான் நல்ல தொழில்காரன். தம்பியோடு சேர்ந்து ஒரு வள்ளம் வைத்திருந்தான். சாப்பாட்டுப் பிரியன். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீனைப் புளி கூட்டிக் கறி வைத்தால் சட்டியை வழித்துவிட்டுத்தான் எழும்புவான். ஒக்கிப் புயல் அடித்த அன்று அவனுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தான். கடலுக்குப் போன தம்பி திரும்பவில்லை. வள்ளமும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவன் கரைக்கே போகாமல் வீட்டுக்குள் கிடந்தான்.

"இந்தக் கடலப் பாக்க முடியலட்டி" என்றான் ஒருநாள்.

கடைசியில் வேறொரு கடலைப் பார்க்கப் போனான். சவுதி லாஞ்சுகளில் இனயத்து ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் வழியாக விசா வந்தது. போகிறவனைத் தடுக்கக் குளோரிக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் கிடந்து அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதைவிட எங்கேயாவது போய் வலை இழுக்கட்டும் என்றிருந்தது.

அங்கே போன பிறகு அவன் கொஞ்சம் தேறினான். லாஞ்சு கரைக்கு வருகிற நாட்களில் இமோவில் வீடியோ காலில் கூப்பிடுவான். முகம் தெரியும், பின்னால் மஞ்சள் நிற வலைகள் தெரியும், இனயத்துக் குரல்கள் கேட்கும். இரண்டு தடவை லீவில் வந்துவிட்டுப் போனான். மூன்றாவது தடவை போன பிறகுதான் நெஞ்செரிச்சல் பேச்சு ஆரம்பித்தது.

முதலில் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"நெஞ்சுக்குள்ள எவனோ அடுப்பு பத்தவச்சிருக்கான் குளோரி. புளிச்ச ஏப்பமாட்டு வருது."

"என்னத்தத் தின்னிய?"

"கருவாட்டுக் கறியும் குப்பூஸ் ரொட்டியும். வலய ஏத்திப் போட்டுட்டு, தின்னுட்டு அப்பிடியே சரிஞ்சிருவோம். பின்ன எங்க செமிக்கும்?"

"ஓமத்த வறுத்து வெள்ளம் வச்சுக் குடிங்க. எரிவு கொறச்சலாக்கும்."

"லாஞ்சில ஓமம் வறுக்கதுக்கு ஆளு வச்சிரிக்கு, பாரு" என்று அவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அடுத்து லீவு முடிந்து சவுதி போன ஒருவர் கையில் குளோரி முதல் பாட்டிலைக் கொடுத்துவிட்டாள். பார்சல் கட்டுவது அவளுக்குப் புதிதல்ல. இறால் சம்மந்திப் பொடி, ஏத்தங்காய் சிப்ஸ், மீன் ஊறுகாய் எல்லாம் ஏற்கனவே போய்க்கொண்டிருந்தவைதான். அதோடு மருந்தும் சேர்ந்தது. பாட்டில் மூடியை டேப் போட்டுச் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் வைத்து, பழைய கைலியில் உருட்டி நடுவில் வைப்பாள். உடைந்துவிட்டால் வேறொருவனுடைய துணியெல்லாம் ரோஸ் ஆகிவிடுமே என்ற பயம்.

மருந்து போய்ச் சேர்ந்த அன்று மரியஜான் சந்தோஷமாகக் கூப்பிட்டான். "ஒரு வாய் குடிச்சேன். ஐஸ் வச்ச மாதிரி எறங்கிப் போச்சு. நீ என்னைக் காப்பாத்திட்டட்டி."

அந்த வார்த்தை குளோரிக்கு இனித்தது. இத்தனை தொலைவில் இருக்கிற புருஷனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க முடியாது, நெஞ்சைத் தடவிவிட முடியாது. ஆனால் இது ஒன்று முடிகிறது. இனயத்திலிருந்து யார் சவுதி போகிறார்கள் என்று விசாரிப்பதே அவளுக்கு ஒரு வேலையாகப் போயிற்று. கோயிலில் பூசை முடிந்து வெளியே வருகிறபோதுகூட, "ஒங்க மாப்பிள எப்பம் போறாரு? கொஞ்சம் மருந்து குடுத்துவிடட்டா?" என்று கேட்பாள்.

அவன் இன்னொன்றும் கேட்டிருந்தான். இடுப்புவலிக்கு ஒரு சிவப்பு மாத்திரை. அதற்காக மெடிக்கல் ஷாப்புக்குப் போக வேண்டியிருக்கவில்லை. குளோரியே குனிந்து வலை பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறபோது கம்பெனி முக்கில் உள்ள கடையில் அதைத்தான் வாங்கிப் போடுவாள். கம்பெனிப் பெண்கள் எல்லாரும் அதைத்தான் போட்டார்கள். அங்கேயே அவனுக்கும் சேர்த்து அட்டை அட்டையாக வாங்கினாள். ரோஸ் மருந்து ஊர்க்கடையில், சிவப்பு மாத்திரை கருங்கல் கடையில். இரண்டும் ஒரே ஆளுக்குப் போகிறதென்று இரண்டு கடைக்காரர்களுக்கும் தெரியாது. இரண்டையும் ஒரே கைலியில் உருட்டிக் கட்டியவள் குளோரி மட்டும்தான்.

பாட்டில்கள் சீக்கிரம் தீர்ந்தன. முதலில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மூடி குடித்தவன், பிறகு சாப்பாட்டுக்கு முன்னும் குடித்தான். அப்புறம் மூடியைத் தேடுவதே இல்லை என்றான். குளோரி மறுபடியும் வாங்கப் போனபோது சஜிதா தயங்கினாள்.

"மைனி, நான் சொல்லுகேன்னு நெனைக்காதிய. இது இப்பிடி மாசக்கணக்காட்டு குடிக்கதுக்குள்ளது இல்ல. அண்ணன ஒரு டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க."

"காட்டணும் பிள்ள. கடலுக்குள்ள டாக்டர் எங்க இரிக்கு?"

"கரைக்கு வருவாருல்லா?"

"வருவாரு. வந்தா மீன எறக்கணும், ஐஸ் ஏத்தணும், டீசல் ஏத்தணும். பின்னயும் போணும்."

சஜிதா பாட்டில்களைக் கவரில் போட்டுக் கொடுத்தாள்.

குளோரி அவனிடம் சொல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் சொன்னாள். நயமாகச் சொன்னாள், சண்டை போட்டுச் சொன்னாள், ஜெப்சியை விட்டுச் சொல்ல வைத்தாள். ஜெப்சி அப்போது பிளஸ் டூ முடித்து நாகர்கோவிலில் நர்சிங் சேர்ந்த புதிது. "அப்பா, எண்டோஸ்கோப்பின்னு ஒண்ணு இரிக்கு. வாய் வழியா உள்ள டியூப் விட்டுப் பாப்பாங்க" என்று அவள் விளக்கினாள். "டியூப விட்டா குடலு வெளிய வந்திருமே மக்களே" என்று அவன் விளையாடினான். அங்கே ஆஸ்பத்திரியில் காட்டுகிற கார்டின் தேதி முடிந்துபோயிருந்தது. முதலாளி புதுக் கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று அது தள்ளிக்கொண்டே போனது. பாஸ்போர்ட்டும் முதலாளி கையில் இருந்தது.

ஒருநாள் மதியம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, "இன்னைக்கு என்ன கறி? காட்டு" என்றான். ஞாயிற்றுக்கிழமை. அவனுக்குப் பிடிக்குமே என்று குளோரி அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து போனில் காட்டினாள். நல்ல நெய்ச்சாளை, எண்ணெய் மேலே மிதந்து நின்றது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மூடு மூடு. பாக்கையிலேயே எரியுது."

அப்போதுதான் அவள் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கன்ன எலும்பு துருத்தி நின்றது. கண்ணுக்குக் கீழே குழி. "லைட்டப் போடுங்க, முகத்தக் காட்டுங்க" என்றாள். அவன் போனைத் திருப்பிக் கடலைக் காட்டினான். துறைமுகத்தில் வரிசையாக நின்ற லாஞ்சுகளைக் காட்டினான். அது என்ன கப்பல், இது என்ன கப்பல் என்று சொல்லிக்கொண்டே போனான். அவள் கேட்டது அவன் முகத்தை.

அந்தக் கோடையில் எபிசன் லீவில் வந்தான். மரியஜானோடு அதே லாஞ்சில் வேலை செய்கிறவன், இளைய வயசு, இனயத்துக்காரன்தான். குளோரி அவன் வீட்டுக்கே போனாள். அவன் அம்மா சாயா போட்டுக் கொடுத்தாள். அம்மா உள்ளே போகிற வரைக்கும் எபிசன் நாட்டு நடப்பெல்லாம் பேசினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மைனி, அண்ணன் படுக்கதே இல்ல. மல்லாந்தா எரிவு மேல ஏறி வருதாம். முன்னால அணியத்துல சாஞ்சு இரிந்துகொண்டே ஒறங்குவாரு. தின்னா ஓக்காளிப்பாரு. அந்த ரோஸ் மருந்தக் கஞ்சித்தெளி குடிக்க மாதிரி குடிக்காரு."

"வேலை?"

"வேலையில ஒரு கொறையும் இல்ல. வலி மாத்திர ரெண்ட வாயில போடுவாரு, மத்தவங்களக்காட்டியும் கூட இழுப்பாரு. வெறும் வயித்துல போடாதியன்னு நான் சொன்னேன். தின்னா எரியுதுலேன்னு சொல்லுவாரு."

குளோரியின் காதில் விழுந்தது முதலில் சொன்னது மட்டும்தான். உட்கார்ந்துகொண்டே உறங்குகிறான் என்பது. வலி மாத்திரை விஷயத்தை அவள் வாங்கிக்கொள்ளவே இல்லை. இடுப்பு வலிக்கிறது, மாத்திரை போடுகிறான், அதில் என்ன இருக்கிறது? எபிசன் திரும்பிப் போகிறபோது அவன் கையில் எப்போதையும்விடப் பெரிய பார்சலைக் கொடுத்துவிட்டாள். ரோஸ் மருந்தும் சிவப்பு மாத்திரையும் இரண்டும் இருந்தன.

அதோடு சும்மா இருந்துவிடவில்லை. பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னாள். அவர் மீனவர் சங்கத்து ஆட்களிடம் சொன்னார். அவர்கள் எங்கேயோ மெயில் அனுப்பினார்கள். பதில் வந்ததா என்று கேட்கப் போனால், "பாத்துக்கிட்டிரிக்கோம்மா" என்றார்கள். எபிசனிடம் நம்பர் வாங்கி, லாஞ்சுகளைக் கவனிக்கிற மலையாளி சூப்பர்வைசரையே கூப்பிட்டாள். அந்த மனிதர் எரிச்சல்படவில்லை. நிதானமாக, பயப்பட வேண்டாம் என்றுதான் பேசினார்.

"சேச்சி பேடிக்கண்டா. இது கேஸ் டிரபிளாணு. இவிட எல்லாவர்க்கும் உண்டு. எனிக்கும் உண்டு."

அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. யாராவது ஒருவர் முடியாது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். எல்லாரும் கேஸ் என்றார்கள். அவள் அக்காகூட, "கேஸ் யாருக்குத்தான் இல்ல? பூண்டு சுட்டுத் தின்னச் சொல்லு" என்றாள். நெஞ்செரிச்சலால் ஒரு மனுஷன் செத்தான் என்று இனயத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கடலில் சாவார்கள், மஞ்சள் காமாலையில் சாவார்கள். கேஸில் யார் சாவார்கள்?

ஆவணி பிறந்த சமயம். காலையில் வேனுக்கு நேரமாகிவிட்டதென்று அவள் ஓடிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான். குரல் மெல்லியதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் லாஞ்சு புறப்படுகிறது என்றான். ஜெப்சி எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டான். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவன் மாதிரி இழுத்தான்.

"குளோரி, வெளிக்குப் போனா கருப்பாட்டு போகுது. தார் மாதிரி. சூடாரிக்குமா?"

"சூடுதான் பின்ன. வெள்ளம் குடிக்க மாட்டிய. இளநி கிட்டுமா அங்க?"

"பாக்கேன்."

வேன் ஹாரன் அடித்தது. அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள்.

நாள் முழுக்க அந்தக் கருப்பு என்ற சொல் மனதில் கிடந்து அரித்தது. அந்தி நேரம் வேனிலிருந்து இறங்கி நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். சஜிதாவிடம் மெதுவாக, வேறு யார் காதிலும் விழாமல் கேட்டாள். சஜிதா கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள்.

"மைனி, அது சூடு இல்ல. ரெத்தமாக்கும்."

"ரெத்தம் சிவப்பாட்டுல்லா இரிக்கும்?"

"வயித்துக்குள்ள ஒழுகுனா கருப்பாட்டுத்தான் வரும். இப்பமே கூப்பிடுங்க. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லுங்க."

கடை வாசலில் நின்றே கூப்பிட்டாள். மணி போகவில்லை. ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொன்னது. மறுபடியும் கூப்பிட்டாள். அதே குரல். எபிசன் நம்பருக்குக் கூப்பிட்டாள். அதே குரல். லாஞ்சு கடலுக்குப் போய்விட்டது. ஆழத்தில் டவர் கிடைக்காது. மீன் நிறைகிற வரைக்கும் திரும்பாது.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். ரத்தம் என்று சொன்னதும் அவர் குரலும் மாறியது. வயர்லெஸில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். மறுநாள் கேட்டபோது, பக்கத்தில் போன வேறு லாஞ்சிடம் சொல்லியிருக்கிறோம், அவர்கள் லாஞ்சு இன்னும் தொடர்பில் கிடைக்கவில்லை என்றார். அதற்கு மறுநாள் அவர் போனை எடுக்கவில்லை.

அந்த நாட்களில் குளோரி வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தாலும் இருப்புக் கொள்ளவில்லை. கோயிலுக்குப் போய் முட்டிபோட்டால் ஜெபம் வாயில் வரவில்லை. அந்த அரபிக் குரல்தான் வந்தது. கேட்டுக் கேட்டு அது அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அர்த்தம் மட்டும் தெரியாது. எழும்பிக் கடற்கரைக்கு வருவாள். தடுப்புச் சுவருக்காகப் போட்டிருந்த கருங்கற்களின் மேல் நின்று மேற்கே பார்ப்பாள். ஆவணிக் கடல் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. இதே கடலின் மறுகரையில்தான் அவன் இருக்கிறான் என்று ஜெப்சி சின்னதில் படத்தில் காட்டியிருக்கிறாள். புயலில் தம்பி போனபோது, புயல் வருகிறது என்று முன்னாலேயே சொல்லித் தடுக்க ஒருத்தரும் இருக்கவில்லை என்று ஊரே அழுதது. இப்போது அவளுக்குத் தெரியும். வயிற்றுக்குள் ரத்தம் ஒழுகுகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். தெரிந்து என்ன? ஒரு வரி. அந்த ஒரு வரியை அவன் காதில் போட அவளுக்கு வழியில்லை. அவன் அங்கே இன்னும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் ரோஸ் மருந்தைக் குடித்துக்கொண்டு, சூடு என்று நினைத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான். சூடு என்று சொன்னது அவள்தான்.

ஜெப்சி ஹாஸ்டலிலிருந்து வந்து சேர்ந்தாள். அம்மாவைக் கட்டாயப்படுத்திக் கஞ்சி குடிக்க வைத்தாள். போனை நடுவில் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

எபிசனின் போன் ஒரு மத்தியானம் வந்தது.

"மைனி, அண்ணனுக்கு உயிருக்கு ஒண்ணும் இல்ல. அத மொதல்ல சொல்லிடுகேன்" என்றுதான் ஆரம்பித்தான். வலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மரியஜான் சரிந்து விழுந்திருக்கிறான். ஓக்காளித்ததெல்லாம் காப்பிப் பொடி கரைத்த மாதிரி இருந்ததாம். லாஞ்சை ஓட்டுகிற ஸ்ராங்கு பயந்துபோய் வலையை அறுத்துவிட்டு லாஞ்சைத் திருப்பியிருக்கிறார். கரைக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு நினைவில்லை. எபிசனும் இன்னொரு பையனும் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். வாய் வழியாக டியூப் விட்டு, உள்ளே ரத்தம் கசிந்த இடத்தில் கிளிப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

"பேசணுமா? இரிங்க, காட்டுகேன்."

போனில் மரியஜான் தெரிந்தான். தலையணையைவிட வெளுத்திருந்தான். உதட்டை அசைத்தான், சத்தம் வரவில்லை. குளோரி "ஒண்ணும் பேசாண்டாம்" என்றாள்.

பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்றிருந்தாள், மலையாளிப் பெண். எபிசன் கையிலிருந்து போனை வாங்கி, தமிழும் மலையாளமும் கலந்து கேட்டாள். டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, வேதனைக்கு என்ன குளிகை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எவ்வளவு காலமாக?

குளோரி மாத்திரையின் பெயரைச் சொன்னாள். "நானாக்கும் குடுத்துவிடது" என்றாள். "நெஞ்செரிச்சலுக்குள்ள மருந்தும் நான்தான் குடுத்துவிடது."

நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். பிறகு திட்டாமல், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி சொன்னாள். அந்த வலி மாத்திரை வெறும் வயிற்றில் தொடர்ந்து போனால் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும். புண்ணில் புளிப்பு படும்போதுதான் எரிகிறது. ரோஸ் மருந்து புளிப்பைக் கொஞ்ச நேரம் தணிக்கும், எரிச்சல் அடங்கும். புண் அப்படியேதான் இருக்கும். எரிச்சல் அடங்கிவிட்டதே என்று மறுபடியும் மாத்திரை போட்டால், புண் ஆழமாகிக்கொண்டே போகும்.

"சேச்சிக்கு அறியில்லல்லோ. அறியாதே செய்ததல்லே" என்றாள் கடைசியில்.

பேசி முடிந்த பிறகு குளோரி எழும்பிப்போய் அலமாரியைத் திறந்தாள். அடுத்துப் போகிறவர் கையில் கொடுத்துவிட வாங்கி வைத்திருந்த இரண்டு பாட்டில்களும் சிவப்பு அட்டைகளும் பழைய கைலிக்குப் பக்கத்தில் இருந்தன. அட்டைகளைப் பிரித்து ஒவ்வொரு மாத்திரையாக அமுக்கி எடுத்துக் கழிவறைக் குழியில் போட்டாள். ஜெப்சி பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்குத் தெரிஞ்சிரிக்கணும்மா. நானாக்கும் நர்சிங் படிக்கேன்" என்று அழுதாள். இருவரும் ஒரே குற்றத்தைச் செய்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

காகிதங்கள் சரியாகி மரியஜான் ஊர் வந்து சேர கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. சட்டை அவன்மேல் கொடியில் தொங்குகிற மாதிரி தொங்கியது. நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். வயிற்றில் இருந்த கிருமிக்கு மருந்து கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு காப்ஸ்யூல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பாடு. வலி மாத்திரையை இனி கையால் தொடக்கூடாது. புளியும் மிளகாயும் குறைத்துக் குளோரி அவனுக்குத் தனியாகக் கறி வைத்தாள். அவன் அதைத் தின்றான்.

அவள் காத்திருந்தது ஒரு வசவுக்காக. "நீ தந்த மாத்திரதான்" என்று அவன் ஒருநாள் சொல்வான், அப்போது அழுது தீர்த்துவிடலாம் என்று நினைத்தாள். அவன் சொல்லவேயில்லை. ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"அந்த மாத்திரைய நான் குடுத்துவிடாம இரிந்திரிக்கணும்."

"நீ குடுத்துவிடாட்டா அங்க கடையில வாங்கியிரிப்பேன்" என்றான் அவன், முருங்கைக் கீரையைப் பிசைந்துகொண்டே. "மாத்திர இல்லாம அந்த வலய இழுக்க முடியாதுட்டி."

அவளைத் தேற்றத்தான் அவன் அப்படிச் சொன்னான். அவளுக்கு அதில் வேறொன்று கேட்டது.

ஆறேழு மாதத்தில் உடம்பு தேறியது. உள்ளூரில் ஒரு வள்ளத்தில் போய்ப் பார்த்தான். இந்தக் கடலுக்குப் போய் வந்த நாளெல்லாம் வாய் மூடிக் கிடந்தான். ஒருநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். முதலாளிக்கு அவனைப் பிடிக்குமாம், புது ஆஸ்பத்திரிக் கார்டு எடுத்துத் தருவாராம். ஜெப்சிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி ஒன்றும் முடிவெடுக்கவில்லை. அவன் பெட்டியைக் கீழே இறக்கித் துடைக்க ஆரம்பித்தான், அவ்வளவுதான்.

"போவாண்டாம்" என்று குளோரி ஒரே ஒரு தடவை சொன்னாள்.

"பின்ன என்ன செய்ய?" என்று அவன் கேட்டான். சண்டைக்கு அல்ல. உண்மையாகவே அவளிடம் பதில் இருந்தால் சொல்லட்டும் என்றுதான் கேட்டான்.

பெட்டி கட்டியது அவள்தான். டாக்டர் எழுதிய காப்ஸ்யூல்களை, சீட்டோடு சேர்த்து மேலாக வைத்தாள். ரோஸ் மருந்து வைக்கவில்லை. அவன் குளிக்கப் போன நேரம் பெட்டியின் மூலை முடுக்கு, சட்டைப் பாக்கெட், ஷேவிங் டப்பா எல்லாம் துழாவிப் பார்த்தாள். சிவப்பு அட்டை எங்கேயும் இல்லை. இல்லாதது அவளுக்கு நிம்மதி தரவில்லை. அங்கே கடையில் கிடைக்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அவளும் ஜெப்சியும் போனார்கள். பயணம் போகிறவர்கள் மட்டும்தான் கண்ணாடிக்கு அப்புறம் போகலாம். அவன் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போய் வரிசையில் நின்றான். நீளமான வரிசை. பெட்டியைக் காலால் தள்ளித் தள்ளி நகர்ந்துகொண்டிருந்தான். ஒரு இடத்தில் பெட்டியைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தவன், இடது கையை முதுகுக்குக் கொண்டுபோய் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்.

குளோரி போனை எடுத்துக் கூப்பிட்டாள். கண்ணாடிக்கு அப்புறம் அவன் போனைக் காதில் வைப்பது தெரிந்தது.

"வலிக்கா?"

அவன் கை சட்டென்று இடுப்பிலிருந்து இறங்கியது. திரும்பிப் பார்த்தான், கூட்டத்தில் அவளைத் தேடினான்.

"இல்லட்டி. ஒண்ணும் இல்ல. நீங்க போங்க, நேரமாச்சு."

வரிசை நகர்ந்தது. அவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வளைந்து மறைந்தான். ஜெப்சி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். களியக்காவிளை போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் குளோரி கண்ணாடியை விட்டு நகராமல் நின்றாள்.